மழைய எடுத்துக்கிட்டாங்க, வெயில விட்டுட்டாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல போன வெள்ளிக்கிழமை சினிமா பக்கத்துல ஒரு புது த்ரில்லர் படத்துக்கு விமர்சனம் போட்டிருந்தீங்க. படத்தோட பேர் இங்க வேணாம், ஏன்னா நான் அந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்க வரல, நானும் பாத்தேன், சுமார்தான். ஆனா விமர்சனத்துக்குப் பக்கத்துல நாலு ஜோடி போட்டோ, இடது பக்கம் வெளிநாட்டுப் படம், வலது பக்கம் நம்ம படம், மேல பெருசா சுட்ட பழம்னு ஒரு தலைப்பு. இந்த மாதிரி ஜோடி போட்டோ இப்ப வாட்ஸ்அப்ல தினமும் சுத்துது, அவங்க போட்டா போகட்டும், ஆனா ஒரு பேப்பர் போடும்போது அது தீர்ப்பு மாதிரி ஆயிடுது, டைரக்டர் திருடன், கேஸ் முடிஞ்சது. அது அவ்வளவு சீக்கிரம் முடியற கேஸ் இல்லங்க.

கதையத் திருடறது வேற, ஒரு ஷாட்ட எடுத்துக்கறது வேற. 1922-ல ஜெர்மனியில முர்னாவ்னு ஒரு டைரக்டர் நோஸ்ஃபெராட்டுன்னு ஒரு படம் எடுத்தாரு, டிராகுலா நாவல் கதைதான், அனுமதி வாங்கல, ஆளுங்க பேர மட்டும் மாத்திட்டாரு. நாவல் எழுதின பிராம் ஸ்டோக்கரோட மனைவி கேஸ் போட்டாங்க, 1925-ல கோர்ட் எல்லா பிரிண்டையும் அழிக்கச் சொல்லிடுச்சு. தப்பிச்ச சில பிரிண்டாலதான் இன்னைக்கு நாம அதப் பாக்கறோம். அது கதைத் திருட்டு, தண்டனை கிடைச்சது, சரி. ஆனா அதே படத்துல ஒரு ஷாட் இருக்கு, கூன் போட்ட நிழல் ஒண்ணு நீள நகத்தோட மாடிப்படியில ஏறிப் போகும், ஆள் தெரியாது, சுவத்துல நிழல் மட்டும்தான். அந்த நிழல நூறு வருஷமா உலகம் பூரா எடுத்துக்கிட்டு இருக்கு, ஒருத்தர் மேலயும் கேஸ் இல்ல, நம்ம ஊர்ல மாடிப்படியில நிழல் வராத பேய்ப்படம் இருந்தா சொல்லுங்க பாப்போம்! நம்ம சுப்ரீம் கோர்ட்டே 1978-ல ஆர்.ஜி. ஆனந்த் கேஸ்ல, ஒரு கருத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அத எப்படிச் சொன்னாங்கங்கற வடிவத்துக்குத்தான் பாதுகாப்புன்னு சொல்லிடுச்சு.

அதுக்காக எல்லாத்தையும் மன்னிச்சு விடுங்கன்னு சொல்லல. எனக்கு இருக்கற கோவமே வேற, அதச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் சொல்லிடறேன்.

1958-ல ஹிட்ச்காக் எடுத்த வெர்டிகோவுல ஹீரோவுக்கு உயரம்னா பயம். அவர் மாடிப்படியில நின்னு கீழ எட்டிப் பாக்கும்போது தரை அப்படியே கீழ இழுத்துக்கிட்டுப் போற மாதிரி தெரியும். கேமரா ஒரு பக்கம் நகரும், லென்ஸ் அதுக்கு எதிர்ப்பக்கம் ஜூம் ஆகும், அவ்வளவுதான் டெக்னிக். ஹிட்ச்காக் ஒரு தடவ லண்டன்ல ஒரு பார்ட்டியில நல்லாக் குடிச்சுட்டு நின்னப்ப எல்லாம் தன்னவிட்டு தூரமாப் போற மாதிரி இருந்துச்சாம், அத திரையில கொண்டு வரணும்னு 1940-ல ரெபெக்கா எடுக்கும்போதே முயற்சி பண்ணி முடியல. வெர்டிகோவுல நிஜ மாடிப்படிக்கு மேல கேமராவத் தூக்கிக் கட்டறதுன்னா 50,000 டாலர் ஆகும்னாங்க, அந்த ஷாட்ல மனுஷங்க யாரும் இல்லையே, அப்புறம் எதுக்கு நிஜப் படின்னு சின்னதா ஒரு மாடல் செஞ்சு அதப் படுக்க வச்சு 19,000 டாலர்ல முடிச்சாங்க. அத எடுத்துக் கொடுத்தவர் இர்மின் ராபர்ட்ஸ்னு ஒரு கேமராமேன், படத்தோட டைட்டில்ல அவர் பேர் கூட கிடையாது.

இப்ப 1975-க்கு வாங்க, ஜாஸ், சுறா மீன் ஆளக் கொல்ற படம். ஸ்பீல்பெர்க் அதே டெக்னிக்க எடுத்துக்கிட்டாரு, ஆனா திருப்பிப் போட்டுட்டாரு. வெர்டிகோவுல பயப்படறவன் கண்ணு வழியா நாம பாக்கறோம், ஜாஸ்ல பயப்படறவன் மூஞ்சியப் பாக்கறோம், பீச்சுல நாற்காலியில உக்காந்திருக்கற போலீஸ்காரர் அப்படியே இருப்பாரு, பின்னாடி இருக்கற பீச் மட்டும் அவரவிட்டு ஓடும், எது நடக்கும்னு பயந்தாரோ அது தண்ணியில நடந்துடுச்சு. 1990-ல ஸ்கோர்செஸி குட்ஃபெல்லாஸ்ல மறுபடி அதையே எடுத்தாரு, ஒரு ஓட்டல் ஜன்னலோரம் ரெண்டு பேர் உக்காந்து பேசறாங்க, ரொம்ப மெதுவா, கவனிக்கலைன்னா தெரியவே தெரியாது, ஜன்னலுக்கு வெளிய இருக்கற தெரு கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரும். இவன் நம்மளக் கொல்லப் போறான்னு எதிர்ல இருக்கறவனுக்குப் புரியற நேரம் அது. ஒரே டெக்னிக், மூணு பேர், மூணு வேலை. உங்க பாணியில ஜோடி போட்டோ போட்டா என்ன தெரியும்? ஒண்ணுமே தெரியாது, ஏன்னா அது அசைவு, போட்டோவுல விழாது.

இன்னொண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச குளியலறை சீன், ஹிட்ச்காக்கோட 1960 சைக்கோ, குளிக்கற பொண்ண கத்தியால குத்திக் கொல்றது. ஒரு வாரம் எடுத்தாங்க, திரையில ஒரு நிமிஷம் கூட கத்தி ஓடாது, ரத்தத்துக்கு சாக்லேட் சிரப், கத்திக் குத்துற சத்தத்துக்கு முலாம்பழம், அந்தக் கீச்சுனு கத்துற வயலின் கூட முதல்ல வேணாம்னுதான் ஹிட்ச்காக் சொன்னாராம், மியூசிக் போட்ட ஹெர்மன்தான் போட்டுக் காட்டி சம்மதிக்க வச்சாரு. பிளாக் அண்ட் ஒயிட் இல்லாம இருந்தா சாக்லேட் சிரப் எடுபட்டிருக்காது, அது வேற. ஆனா இதுக்கு 17 வருஷம் முன்னாடியே, 1943-ல, செவன்த் விக்டிம்னு ஒரு சின்ன பட்ஜெட் படத்துல ஒரு பொண்ணு குளிச்சுக்கிட்டு இருக்கும்போது திரைக்கு அந்தப்பக்கம் தொப்பி போட்ட ஒரு நிழல் வந்து நின்னு மிரட்டும். 1955-ல பிரான்ஸ்ல வந்த டயபாலிக்ல பாத்ரூம்தான் படத்துக்கே உயிர், முடிவ யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கடைசியில ஸ்லைடு போட்டதும் அவங்கதான், ஹிட்ச்காக் அப்புறம் சைக்கோவுக்கு அதே வழியில விளம்பரம் பண்ணாரு. ஆக தாத்தாவுக்கே தாத்தா இருக்காரு.

சைக்கோவ எடுத்துக்கிட்டவங்க எக்கச்சக்கம். அதுல எனக்குப் பிடிச்சது மெல் ப்ரூக்ஸ் 1977-ல ஹை ஆங்ஸைட்டின்னு ஒரு காமெடிப் படத்துல பண்ணதுதான். ஓட்டல்ல ஒருத்தர் ரூம் பையன்கிட்ட நியூஸ்பேப்பர் கேட்டு கேட்டு நச்சரிப்பாரு, கடுப்பான பையன் அவர் குளிக்கும்போது வந்து பேப்பரச் சுருட்டி அதாலயே குத்துவான், ஷாட் ஷாட்டா சைக்கோதான், ரத்தத்துக்குப் பதிலா பேப்பரோட மை ஜாலியா தண்ணி போற ஓட்டையில ஓடும். ஹிட்ச்காக் கோவிச்சுக்கல, படத்தப் பாத்துட்டு ஒரு பெட்டி ஒயின் அனுப்பி வச்சாருன்னு ப்ரூக்ஸே சொல்லியிருக்காரு.

இதுக்கு நேர் எதிரா 1998-ல கஸ் வான் சான்ட் என்ன பண்ணாருன்னா சைக்கோவ முறைப்படி அனுமதி வாங்கி, கலர்ல, கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தாரு. அதே கோணம், அதே கட், அதே மியூசிக். படம் எடுபடல. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டும் பயம் மட்டும் கூட வரல பாருங்க. சட்டப்படி அதுல ஒரு குத்தமும் இல்ல, ஜோடி போட்டோ போட்டா நூத்துக்கு நூறு பொருந்தும், காசு கொடுத்து ரைட்ஸ் வாங்கினதால சுட்ட பழம்னு யாரும் தலைப்பு போட முடியாது, ஆனா ப்ரூக்ஸோட நியூஸ்பேப்பர்ல இருக்கற உயிர் அதுல இல்ல.

இப்ப என் கோவத்துக்கு வர்றேன். நம்ம ஆளுங்க எடுத்துக்கறது தப்பில்ல, பாதிய எடுத்துக்கிட்டு பாதிய விட்டுட்டு வர்றதுதான் தப்பு. ஷாட்ட எடுக்கறாங்க, அது ஏன் அப்படி இருந்துச்சுங்கற காரணத்த அங்கயே விட்டுட்டு வந்துடறாங்க.

இருட்டையே எடுத்துக்கங்க. 1967-ல ஆட்ரி ஹெப்பர்ன் நடிச்ச வெயிட் அன்டில் டார்க்ல ஹீரோயினுக்குக் கண்ணு தெரியாது, வீட்டுக்குள்ள கொலைகாரன் வர்றான். அந்தம்மா என்ன பண்றாங்க, வீட்டுல இருக்கற பல்பையெல்லாம் ஒவ்வொண்ணா உடைச்சுடறாங்க, இருட்டுல அவனும் குருடன், ரெண்டு பேரும் சமம். ஆனா ஃபிரிட்ஜ் லைட்ட மறந்துடறாங்க, அவன் கதவத் திறந்ததும் வெளிச்சம் வந்துடும். அந்தக் கிளைமாக்ஸுக்கு தியேட்டர் விளக்கையெல்லாம் முடிஞ்ச அளவு குறைச்சு வைக்கச் சொல்லி விளம்பரமே பண்ணாங்க. 24 வருஷம் கழிச்சு 1991-ல சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ் கிளைமாக்ஸ், மறுபடி ஒரு வீடு, ஒரு பொண்ணு, ஒரு கொலைகாரன், ஒரே இருட்டு. ஆனா இங்க கரண்ட்ட கட் பண்றது அவன், அவன்கிட்ட இருட்டுல பாக்கற கண்ணாடி இருக்கு, அந்தப் பச்சை வெளிச்சத்துல நாம அவன் கண்ணு வழியா அவளத் தடவித் தடவி நடக்கறதப் பாக்கறோம், அவன் கை அவ முடிக்குப் பக்கத்துல போய் நிக்கும். அங்க இருட்டு அவளோட ஆயுதம், இங்க அவனோட ஆயுதம். எடுத்துக்கறதுன்னா இதுங்க.

நம்ம படத்துக்கு வாங்க. இன்ஸ்பெக்டர் ஒரு அபார்ட்மென்ட்டுக்குள்ள போறாரு. டார்ச். வெளிய காரிடார்ல ட்யூப்லைட் எரியுது, கதவுப் பக்கத்துலயே சுவிட்ச்போர்டு இருக்கு, மேல ஃபேன் கூட ஓடுது, ஆனாலும் ரெண்டு கான்ஸ்டபிள், மூணு டார்ச். ஏன் சார் லைட்டப் போடல? தியேட்டர்ல என் பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் சத்தமாவே கேட்டுட்டாரு. நீங்க நாலு ஜோடி போட்டோ போட்டீங்களே, அதுல ஒண்ணு இந்த டார்ச் ஷாட்தான், ஆனா பெரியவர் கேட்டத விமர்சனம் கேக்கல.

அந்த டார்ச் எங்கேந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 1995-ல வந்த செவன்கற ஹாலிவுட் படம், ரெண்டு போலீஸ் ஒரு தொடர் கொலைகாரனத் தேடற கதை. நான் 90-கள்ல ஒரு சின்ன ஊர்ல வீடியோ கேசட் கடை வச்சிருந்தவன், அப்புறம் சிடி, அப்புறம் டிவிடி, அப்புறம் கடைய மூடினதுதான் மிச்சம். அந்தப் படத்தோட கேசட்ட எடுத்துட்டுப் போனவங்க டிவியில ஒண்ணுமே தெரியல, ஒரே கருப்பா இருக்கு, கேசட் தேய்ஞ்சு போச்சான்னு திருப்பிக் கொண்டு வந்து கொடுப்பாங்க. தேயல, படமே அப்படித்தான். கேமராமேன் டேரியஸ் கோண்ஜி, டைரக்டர் டேவிட் ஃபின்ச்சர். ஃபிலிம லேப்ல கழுவும்போது அதுல இருக்கற வெள்ளிய எடுக்கறதுக்கு ஒரு கட்டம் உண்டு, அந்தக் கட்டத்துல கைவச்சா வெள்ளி ஃபிலிம்லயே தங்கிடும், கருப்பு இன்னும் கருப்பாகும், கலர் செத்துப் போகும். செவனோட சில பிரிண்ட்ட அப்படிப் பண்ணாங்க. இதுவும் அவங்க கண்டுபிடிப்பு இல்ல, 1960-லயே ஜப்பான்ல கசுவோ மியாகாவான்னு ஒரு கேமராமேன் ஒட்டோட்டோங்கற படத்துல பண்ணிட்டாரு. கோண்ஜி தனக்கு மாதிரியா சொன்னது 1971 க்ளூட், அதுல கேமரா கார்டன் வில்லிஸ், இருட்டுக்குப் பேர் போனவர்.

அப்புறம் அந்த மழை. படம் பூரா ஓயாத மழை, ஊர் பேர் கிடையாது, நனைஞ்ச கோட்டோட ரெண்டு போலீஸ். அந்த மழைக்குப் பின்னாடி பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல, பிராட் பிட்டோட கால்ஷீட் கொஞ்ச நாள்தான், ஆரம்பத்துலயே மழையில சில சீன் எடுத்தாச்சு, இனிமே மழை நிக்கட்டும்னு காத்திருக்க முடியாது, அதனால மொத்தப் படத்துக்கும் மழைன்னு வச்சுட்டாங்க, ஃபின்ச்சரே சொன்னதுதான். கால்ஷீட் பிரச்சனையில வந்த மழைய இன்னைக்கு உலகம் பூரா த்ரில்லர் படத்துக்கு இலக்கணமா வச்சிருக்காங்க. சென்னையில எங்க சார் அப்படி மூணு மாசம் விடாம மழை பெய்யுது? பெய்ஞ்சா போலீஸ்காரருக்கு கொலைகாரனத் தேட எங்க நேரம், வெள்ள டியூட்டி பாக்கவே சரியா இருக்கும்.

ஆனா மழை எதேச்சையா வந்தாலும் அத வச்சு அவங்க ஒரு வேலை பண்ணாங்க. கடைசி ரீல்ல கொலைகாரன் தானா வந்து சரணடைஞ்சதும் மழை நின்னுடும். கிளைமாக்ஸ் ஒரு பொட்டல் காடு, மேல ஹைடென்ஷன் கரண்ட் கம்பி, பட்டப்பகல், சுள்ளுன்னு வெயில், ஒளியறதுக்கு ஒரு மரம் கூட இல்ல. ரெண்டு மணி நேரமா இருட்டுல எதத் தேடினோமோ அது இந்த வெளிச்சத்துல ஒரு அட்டைப்பெட்டியில வந்து இறங்குது. அந்த வெயில் இல்லைன்னா முன்னாடி வந்த மழைக்கு ஒரு அர்த்தமும் இல்ல. ஃபின்ச்சர மாதிரி எடுக்கறேன்னு கிளம்பின நம்ம ஆளுங்க எத்தன பேர் அந்த வெயில எடுத்துக்கிட்டாங்க? கிளைமாக்ஸும் மழை, பாழடைஞ்ச ஃபேக்டரி, மறுபடி டார்ச். கம்ப்யூட்டர்ல கலர் சரி பண்ற டிஐ ரூம்ல உக்காந்து பச்சையும் நீலமுமா கலர மாத்திட்டா செவன் ஆயிடுமா? உப்பு புளி காரம் எல்லாம் கிண்ணத்துல அளந்து வச்சுட்டு அடுப்பப் பத்த வைக்காம பரிமாறின மாதிரி இருக்கு.

இதுக்காக நம்மாளுங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா அது பெரிய பொய். 1954-லயே எஸ். பாலசந்தர் அந்த நாள் எடுத்தாரு, பாட்டே இல்லாத படம், ஆரம்பத்துலயே சிவாஜி சுடப்பட்டு செத்துப் போறாரு, அப்புறம் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கோணத்துல சொல்றாங்க, ஜாவர் சீதாராமன் துப்பறியறாரு. ஒரே கொலைய ஒவ்வொருத்தரும் வேற வேற மாதிரி சொல்ற ஜப்பான் படம் ரஷோமோன் பாத்த பாதிப்புலதான் வந்துச்சுன்னு அப்பவே எல்லாரும் சொன்னதுதான், யாரும் அந்தப் படத்தோட மதிப்பக் குறைச்சுடல. ரஷோமோன்ல மரத்து இலைக்கு நடுவுல நேரா சூரியனப் பாத்து கேமராவ வச்சவர் யார் தெரியுமா, மேல சொன்ன அதே மியாகாவாதான். அந்த நாளும் செவனோட இருட்டும் நூல் பிடிச்சுப் போனா ஒரே ஆள் வீட்டு வாசல்ல போய் நிக்குது, இத உங்க சினிமா பக்கம் ஒரு நாளாவது எழுதியிருக்கா?

1978-ல சிகப்பு ரோஜாக்கள். 1960-ல இங்கிலாந்துல பீப்பிங் டாம்னு ஒரு படம் வந்துச்சு, அதுல கொலைகாரன் பொண்ணுங்களக் கொல்லும்போது அத கேமராவுல படம் பிடிப்பான், அவன் தனியா போட்டுப் பாக்கறதுக்கு. அந்தப் படம் வந்ததும் பத்திரிகைக்காரங்க திட்டின திட்டுல அத எடுத்த மைக்கேல் பவலோட வாழ்க்கையே ஏறக்குறைய முடிஞ்சு போச்சு. சிகப்பு ரோஜாக்கள்லயும் கொலைய படம் பிடிப்பாங்க, ஆனா அது வளர்ப்பு அப்பா பாக்கறதுக்கு. அங்க தனி ஆளோட வியாதி, இங்க அப்பன்கிட்டேந்து பிள்ளைக்கு வர்ற சொத்து. செத்தவங்களப் புதைச்ச இடத்துல ரோஜாத் தோட்டம் வேற. 1980-ல மூடுபனி, சைக்கோ ஞாபகம் வராம பாக்க முடியாது, ஆனா கொலைகாரன் கையில கிடார் கொடுத்து என் இனிய பொன் நிலாவேன்னு பாட விட்டாரு பாலு மகேந்திரா. ஹிட்ச்காக்குக்கு அது தோணியிருக்காது, அந்தப் பாட்ட இன்னைக்கும் கல்யாண வீட்டுல போடறாங்க, பாடினவன் யாருன்னே மறந்துட்டு!

மிஷ்கினோட 2020 சைக்கோவுலயும் ஒண்ணு இருக்கு. கண்ணு தெரியாத ஹீரோ கார் ஓட்டுவாரு, பக்கத்துல கை கால் அசைக்க முடியாத நித்யா மேனன் லெஃப்ட் ரைட்டுன்னு வழி சொல்லுவாங்க. 1992-ல வந்த சென்ட் ஆஃப் எ உமன்ல அல் பசினோ கண்ணு தெரியாம ஃபெராரி ஓட்டுவாரு, ஒரு பையன் வழி சொல்லுவான். அது த்ரில்லரே இல்ல, வாழ்க்கை வெறுத்துப் போன ஒரு ஆளுக்குக் கொஞ்ச நேர சந்தோஷம். இங்க அதே வண்டி ஒரு பொண்ணு உயிரக் காப்பாத்தப் போகுது, ஓட்டறவருக்குக் கண்ணு இல்ல, கண்ணு இருக்கறவங்களுக்குக் கை இல்ல. லாஜிக் இடிக்குதுன்னு நிறைய பேர் சொன்னாங்க, இடிக்கத்தான் செய்யுது, ஆனா எடுத்தத வேற வேலைக்கு வச்சாரு இல்ல, அது எனக்குப் போதும்.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதறேன்னா உங்க விமர்சகர் நிறையப் படம் பாத்தவர்னு தெரியுது, நாலு ஜோடியும் கரெக்ட்டா பிடிச்சிருக்காரு. அந்த நாலுல ரெண்டு எனக்கும் வெறும் காப்பிதான், டார்ச் ஷாட் நிச்சயமா. ஆனா மூணாவது ஜோடி, அந்தக் கண்ணாடி ஷாட், அதுல டைரக்டர் ஒரு வேலை பண்ணியிருக்காரு, ஹீரோ கண்ணாடியில பாக்கறது தன்ன இல்ல, பின்னாடி நிக்கற பொண்டாட்டிய, அது அடுத்த சீன் வரைக்கும் நமக்குத் தெரியாது. சுத்தியும் கண்ணாடி வச்சுக் குழப்பறத 1928-லயே சாப்ளின் சர்க்கஸ்ங்கற படத்துல காமெடிக்குப் பண்ணாரு, 1947-ல ஆர்சன் வெல்ஸ் லேடி ஃப்ரம் ஷாங்காய்ல புருஷன் பொண்டாட்டிய ஒருத்தர ஒருத்தர் சுட வச்சாரு, 1973-ல என்டர் தி டிராகன்ல புரூஸ் லீ கண்ணாடிய உடைச்சுக்கிட்டே போனாரு. இதுல யாரு சுட்டாங்க, யாருகிட்டேந்து சுட்டாங்க? நாலையும் ஒரே சட்டியில போட்டு சுட்ட பழம்னு எழுதிட்டா உழைச்சவனுக்கும் உழைக்காதவனுக்கும் என்ன வித்தியாசம், அடுத்த தடவ அந்த டைரக்டரும் எதுக்கு மெனக்கெடணும்?

ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, ஒளிப்பதிவு படத்துக்கு பலம்னு ஒரு வரியில முடிக்கறத விட்டுட்டு கேமராமேன் என்ன பண்ணாருன்னு நாலு வரியாவது எழுதச் சொல்லுங்க, இர்மின் ராபர்ட்ஸ்க்கு நடந்தது இங்கயும் நடக்க வேணாம். ரெண்டு, ஜோடி போட்டோ போடறது உங்க இஷ்டம், போடுங்க, ஆனா ரெண்டு படத்துலயும் அந்த ஷாட்டுக்கு முன்னாடி என்ன வருது, பின்னாடி என்ன வருதுன்னு கீழ சின்ன எழுத்துல ஒரு வரி சேத்துடுங்க. இடம் பத்தலைன்னா ஜோடிய ரெண்டா குறைச்சுக்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் கேசட் கடைக்காரர்,
உங்க பழைய வாசகர், திண்டுக்கல்.